நாய்க்குட்டி வெளியே விளையாடுகிறது, உள்ளே வந்ததும் ஹாலில் மூத்திரம் போகிறது: என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் "எத்தனை நாளில் பழகும்" என்ற கேள்வி. எழுதியதை முழுதாகப் படித்தால் விஷயம் அதைவிடப் பெரியது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த இரண்டு மாதப் பெட்டை நாய்க்குட்டியை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் இருக்கிற உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கணவருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட், உங்களுக்கு மதியம் வரை பாலர் பள்ளியில் வேலை, அதுவரை வீட்டில் மாமி மட்டும், அவருக்கோ முட்டி வலி. குட்டியை வெளியே விட்டால் ஓடி விளையாடுகிறது, ஒன்றுக்குப் போவதில்லை, உள்ளே வந்த மறு நிமிஷம் ஹாலில் போகிறது. போன வாரம் சாமி மேடைக்கு முன்னாலேயே போய்விட்டது. மாமி "கொண்டுபோய்த் திருப்பிக் கொடு" என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் "மூக்கைப் பிடித்து அதிலேயே தேய், ரெண்டே நாளில் அடங்கும்" என்கிறார். ஆக, குட்டி வேண்டுமென்றே செய்கிறதா, மாமியைச் சிரமப்படுத்தாமல் இதைச் சரிபண்ண முடியுமா, அதை நம்மோடு வைத்துக்கொள்ள முடியுமா, இவைதான் உங்கள் கேள்விகள். வேண்டுமென்று செய்யவில்லை. சரிபண்ண முடியும். திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

யார் சொல்கிறார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்று தெரியும், அதனால் என்னைப் பற்றி இரண்டு வரி. நானும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர்தான். இங்கே ஒரு பிராணிகள் கிளினிக்கில் பல வருஷமாக உதவியாளராக இருக்கிறேன், லயங்களிலும் கடைவரிசைக்குப் பின்னாலும் தாயில்லாமல் கிடைக்கும் குட்டிகளை வீட்டில் வைத்துப் பழக்கி, நல்ல ஆள் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. நான் மருத்துவர் இல்லை. பழக்கும் விஷயத்தைத் தைரியமாகச் சொல்வேன், நோய் என்று சந்தேகம் வருகிற இடத்தில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அந்த மூக்குத் தேய்க்கிற சங்கதி. தயவுசெய்து செய்யாதீர்கள், மாமியையும் செய்ய விடாதீர்கள். குட்டி போய்முடித்து அஞ்சு நிமிஷம் கழித்து நீங்கள் பிடித்துத் தேய்த்தால், எதற்கு இந்தத் தண்டனை என்று அதற்குத் தெரியாது. அது படிக்கிற பாடம் ஒன்றே ஒன்றுதான்: மனுஷன் பக்கத்தில் இருக்கும்போது மூத்திரம் போனால் ஆபத்து. அடுத்த நாளில் இருந்து சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும். அதைவிட மோசம், நீங்கள் வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாலும் உங்கள் கண்முன்னால் போகப் பயப்படும். "திட்டினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறதே, தப்பு செய்தது தெரிந்துதானே" என்று எல்லோரும் கேட்பார்கள். இதை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்று சில சமயம் உரிமையாளரிடம் மாற்றிச் சொன்னார்கள். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்தக் "குற்றவாளி முகத்தை" காட்டின, ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கியவை உட்பட. அந்த முகம் உங்கள் குரலுக்குப் பயந்த முகம், அவ்வளவுதான்.

இப்போது குட்டியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் குட்டிக்குத் தானாக மூத்திரம் போகவே வராது, தாய் நக்கிக் கொடுத்தால்தான் போகும். மூன்றாவது வாரத்துக்கு மேல் தானாகப் போக ஆரம்பிக்கும், அப்போதே படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போகப் பார்க்கும். இந்த ஒரு குணம் நமக்குப் பெரிய உதவி, பின்னால் சொல்கிறேன். அதற்கப்புறம் ஐந்தாவது வாரத்தில் இருந்து எட்டு ஒன்பது வாரம் வரைக்கும் காலுக்கு அடியில் எது படுகிறதோ அதை இடமாக மனசில் பதித்துக்கொள்கிறது. மண்ணிலும் புல்லிலும் வளர்ந்த குட்டி மண்ணையும் புல்லையும் தேடும். சிமெண்டுத் தரையிலேயே அடைத்து வைத்து விற்ற குட்டி சிமெண்டைத் தேடும், அதற்குப் புல்லை அறிமுகப்படுத்தவே தனியாக மெனக்கெட வேண்டும். உங்கள் குட்டி லயத்தில் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள், விறகுக் கொட்டகை, பின்னால் மண் தரை, லாலாங் புல், இப்படித்தான் இருந்திருக்கும். அது உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் தாமான் வீட்டுக்குள் வந்தால் எங்கே பார்த்தாலும் வழவழவென்று டைல்ஸ். அதில் காலுக்கு மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுகிற மாதிரி இருப்பது என்ன? கால்மிதி. சாமி மேடைக்கு முன்னால் விரித்திருக்கிற பாய் அல்லது சின்னக் கம்பளம். அங்கே போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று என் ஊகம், நீங்கள் அங்கே என்ன விரித்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பாயோ துணியோ இருந்தால் இன்றைக்கே சுருட்டி மேலே வையுங்கள், வீட்டில் இருக்கிற கால்மிதிகள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாசத்துக்கு எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்ததுமே பாதித் தொல்லை குறைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்குப் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள், வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று சேர்த்து அத்தனை மணி நேரம் என்று. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி. அது படுத்துக் கிடக்கிற நேரத்துக்கான உச்ச வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடி விளையாடுகிற குட்டிக்கு அரைமணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்த உடனே போகும், விளையாட்டு நடுவிலும் முடிவிலும் போகும், தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரத்தில் போகும், சாப்பிட்டு அஞ்சு நிமிஷத்தில் இருந்து அரைமணிக்குள் இரண்டுக்கும் போகும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும், மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான். அதனால் சாப்பாட்டை நாள் முழுக்கத் தட்டில் கொட்டி வைக்காமல் நேரம் வைத்து மூன்று வேளை கொடுங்கள். உள்ளே போகிற நேரம் உங்கள் கையில் இருந்தால் வெளியே வருகிற நேரமும் ஏறக்குறைய உங்கள் கைக்கு வந்துவிடும். நேரத்தை நீங்கள் பிடியுங்கள், இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நான் இத்தனை வருஷத்தில் குட்டி வாங்கியவர்களுக்குச் சொல்லிவந்தது இது ஒன்றுதான், மிச்சமெல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்.

சரி, வெளியே விளையாடிவிட்டு உள்ளே வந்து போவது ஏன்? இரண்டு காரணம் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்று, வெளியே மோப்பம் பிடிக்க, துரத்த, கடிக்க ஆயிரம் விஷயம் இருக்கிறது, மூத்திரம் போக வேண்டும் என்பதே குட்டிக்கு மறந்துபோகிறது, உள்ளே வந்து ஆசுவாசமான பிறகுதான் ஞாபகம் வருகிறது. இன்னொன்று, நாமே கற்றுக்கொடுத்தது: வெளியே போன உடனே ஒன்றுக்குப் போய்விட்டால் "சரி, முடிந்தது, வா" என்று தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறோம். போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று குட்டி கண்டுபிடித்துவிடுகிறது, அதனால் முடிந்த மட்டும் தள்ளிப்போடுகிறது. இதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். குட்டியைக் கயிற்றில் கட்டி, காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு மூலைக்கு, தினமும் அதே மூலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போய் மரம் மாதிரி நில்லுங்கள். பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள், போனைப் பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள், ஏனென்றால் அந்த நொடியை நீங்கள் தவறவிடக் கூடாது. போக ஆரம்பிக்கும்போது மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், "ஒன்னுக்கு" என்றோ "சூ" என்றோ எதுவோ ஒன்று, வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைச் சொன்னால் போதும். முடித்த அந்த நொடியே, உள்ளே வந்த பிறகு இல்லை, அங்கேயே, கையில் வைத்திருக்கிற தீனித் துண்டைக் கொடுத்து நன்றாகக் கொஞ்சுங்கள், அப்புறம் கயிற்றை அவிழ்த்து விளையாட விடுங்கள். போனால்தான் விளையாட்டு. அஞ்சு நிமிஷம் நின்றும் போகவில்லையா, விளையாட விடாமல் உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே வைத்திருங்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே மூலை. ஹாலில் அவிழ்த்து விட்டீர்களோ, அங்கேதான் போகும். வெளியே போகாத குட்டிக்கு உள்ளே சுதந்திரம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தண்டனை இல்லை, காவல்.

தீனி என்றதும் எங்கள் ஊரில் முதலில் எடுப்பது நெத்திலிதான். உப்பு ஏறிய நெத்திலி தின்றால் தண்ணீர் அதிகம் குடிக்கும், நாம் எதைக் குறைக்கப் பார்க்கிறோமோ அது கூடும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறியை நகம் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொண்டால் போதும். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் அப்படித்தான், உப்பு, எண்ணெய், வெங்காயம் எல்லாம் சேர்ந்தது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கே ஆகாது. டின் பால், பால்மாவு கரைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதி ஆகும், பேதி ஆகிற குட்டியை யாராலும் பழக்க முடியாது.

போகப்போகிறது என்பதைக் கண்டுபிடிப்பது ஒரு கண் பழக்கம். நல்லா விளையாடிக்கொண்டிருந்த குட்டி பழைய செருப்பை வாயில் இருந்து சட்டென்று போட்டுவிடும். மூக்கு தரைக்குப் போகும், ஏதோ தொலைத்ததைத் தேடுகிற மாதிரி வேகமாக மோந்துகொண்டே ஒரு ஓரமாக நகரும், ஒரு சுற்று சுற்றும், பின்னங்கால்கள் லேசாக அகலும். செருப்பைப் போட்டதில் இருந்து குந்துவதற்குள் உங்களுக்குக் கிடைப்பது சில நொடிதான். அந்த மூக்கு தரைக்குப் போகும்போதே எழுந்துவிட வேண்டும், சுற்றுவதைப் பார்த்த பிறகு எழுந்தால் நேரம் போதாது. உள்ளேயே குந்திவிட்டதைப் பார்த்தீர்களானால் கத்தாமல் கையை ஒருமுறை தட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு மூலைக்குப் போங்கள், மிச்சத்தை அங்கே விட்டால் அதற்கும் தீனி உண்டு. பார்க்கவில்லை, போனது பிறகுதான் தெரிந்தது என்றால், பேசாமல் துடைத்துவிடுங்கள். அங்கே குட்டியிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இனி மாமி விஷயம். முட்டி வலிக்கிற ஒருவரைக் காலையில் இருந்து மதியம் வரை மணிக்கொரு தரம் படி இறங்கி ஏறச் சொல்வது நியாயம் இல்லை, நடக்கவும் நடக்காது, ரெண்டாம் நாளே சண்டை வரும். அதனால் அந்த நேரத்துக்கு வேறு ஏற்பாடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடம் பெரும்பாலான தாமான் வீடுகளில் இருக்கும், கூரையும் போட்டிருப்பார்கள். அதை ஒரு பலகையோ குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்போ வைத்து அடையுங்கள். ஒரு கோடியில் பழைய துண்டு போட்ட படுக்கை, தண்ணீர் மங்கு. எதிர்க் கோடியில் அகலமான தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டில் புல் பத்தை. செடி விற்கிற கடைகளில் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள், வாங்குகிறபோது பூச்சிமருந்து அடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கிற இடத்தில் போக மாட்டேன் என்கிற குணத்தை முன்னால் சொன்னேனே, அது இங்கேதான் வேலை செய்யும்: இருப்பதற்குள் தூரமாகவும் காலுக்குப் புல்லாகவும் இருக்கிற அந்தத் தட்டுக்குக் குட்டி தானாகப் போகும், அதுவும் உங்கள் குட்டி மண்ணில் வளர்ந்தது. புல் அழுக்கானால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். துணி சோப்பு, குளோராக்ஸ் (பிளீச்) பாட்டில்கள் எல்லாம் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மாமி செய்ய வேண்டியது, பசியாறியதும் குட்டிக்கு அங்கேயே சாப்பாடு வைப்பதும், தட்டில் போனதைப் பார்த்தால் தடுப்புக்கு மேலிருந்தே ஒரு துண்டுக் கறி போடுவதும்தான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கறி போடுகிறவர் மேல் குட்டி உயிரையே வைக்கும். திருப்பிக் கொடு என்று சொன்ன மாமிமார்கள் பிறகு "என் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா" என்று கிளினிக்குக்கு வந்து கேட்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாமி மேடைக்கு முன்னால் நடந்ததில் மாமிக்கு வருத்தம் இருப்பது நியாயமே, அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவர் மனசுக்கு, அது அவசியம். ஆனால் குட்டியின் மூக்குக்கு அது போதாது, வாடை இருந்தால் திரும்ப அதே இடத்துக்கு வரும். முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். அப்புறம் சாதாரணத் தண்ணீர். அதற்கப்புறம், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி, புட்டியில் போட்டிருக்கிற நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள், மூத்திரத்தில் வாடை தருகிற பொருள்களையே அது சிதைத்துவிடும். அது கிடைக்கும்வரை, சுக்கா என்று மளிகைக் கடையில் விற்கிற வெள்ளை வினிகரைத் தண்ணீரில் சரிபாதி கலந்து துடைக்கலாம், புது மூத்திரத்துக்கு ஓரளவு உதவும், பழைய கறைக்குப் போதாது. மார்பிள் தரையாக இருந்தால் வினிகர் வேண்டாம், கல்லை அரித்துவிடும். அம்மோனியா கலந்த தரை திரவங்களைத் தவிருங்கள், அந்த வாடையே குட்டிக்கு மூத்திரம் மாதிரிதான் தெரியும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மூத்திரத்தின் மேல் நேராகக் குளோராக்ஸ் ஊற்றாதீர்கள், குளோராக்ஸையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டிலும் நெஞ்சை அடைக்கிற விஷப்புகை வரும், மாமி குனிந்து துடைக்கிற நேரம் முகத்துக்கு நேராக வரும். சுத்தம் செய்தபின், குட்டி நம்பிக்கைக்குரியதாக ஆகும்வரை மேடைப் பக்கம் ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள், வீட்டில் சண்டைக்கு இடமில்லாமல் போகும்.

மழை. பேராக்கில் சாயங்கால இடியும் மழையும் பிடித்துக்கொண்டால் உங்களால் தப்பிக்க முடியாது, குட்டிகள் பல ஈரப் புல்லில் கால் வைக்கவே மாட்டேன் என்று நிற்கும். வானம் கறுக்கும்போதே ஒருமுறை வெளியே கொண்டுபோய்விடுங்கள், மிச்சத்துக்குத் துவைக்கிற இடத்துப் புல் தட்டு இருக்கிறது. இடிக்குப் பயந்து நடுங்குகிற குட்டியை இழுத்துக்கொண்டு போய் மழையில் நிறுத்தாதீர்கள், அந்த மூலையையே வெறுத்துவிடும். ராத்திரி குட்டி உங்கள் கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டியிலோ கூண்டிலோ படுக்கட்டும். முனகினால் கேட்கும், எழுந்து கொண்டுபோய், விளக்கை அதிகம் போடாமல், விளையாடாமல், முடித்ததும் திரும்பப் படுக்க வையுங்கள். இந்த வயதில் ராத்திரியில் ஒருமுறை, சில சமயம் இரண்டுமுறை எழவேண்டி வரும். கணவர் நைட் ஷிப்ட் முடிந்து வருகிற நேரமும் நீங்கள் எழுகிற நேரமும் சேர்ந்து ஒரு முறைக்கு உதவலாம், உங்கள் வீட்டு அட்டவணை அப்படி ஒன்றும் மோசம் இல்லை.

"தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே கொண்டுபோகலாமா" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். உங்கள் காம்பவுண்டுக்குள், வேறு நாய்கள் வராத மூலைக்குக் கொண்டுபோகலாம். தெருவோரப் புல், தாமான் விளையாட்டுத் திடல், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிற இடம், இங்கெல்லாம் இப்போது தரையில் விட வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாசக்கணக்கில், ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும், வாந்தியும் ரத்தப் பேதியுமாகக் குட்டிகளை மிக வேகமாகக் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரைக்கும் ஊசித் தொடர் போகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். எலிமூத்திரக் காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய இடத்தில் எலிக்குக் குறைவே கிடையாது, அந்த நோய் வந்த நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் வரும், ஆகவே துடைக்கிறவர் கையுறை போட்டுக்கொள்வதும் கை கழுவுவதும் நல்லது. தோட்டத்து ஓரம் பக்கமாகக் கூட்டிப்போகிற எண்ணம் இருந்தால் இரண்டு எச்சரிக்கை: களைக்கொல்லி அடித்த புல், அப்புறம் மரத்தடிகளில் போடுகிற எலிமருந்துக் கட்டிகள். அந்த எலிமருந்துகள் பெரும்பாலும் ரத்தம் உறையவிடாமல் செய்கிற வகை, தின்று சில நாள் கழித்துத்தான் தெரியும், மூத்திரத்திலோ மலத்திலோ ரத்தம், வெளிறிய ஈறு என்று. அதைப் பார்த்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். குட்டிகளுக்கு நாக்குப்பூச்சி பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே வந்துவிடும். மலத்தோடு வெளியே வருகிற முட்டை தொற்றுகிற நிலைக்கு வரச் சில வாரம் ஆகும், அதற்குள் அள்ளிப் போட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. கொக்கிப்புழு வேகமானது, வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகளின் தோல் வழியாக ஏறும். லயத்துக் குட்டி என்பதால் பூச்சிமருந்தை முதல் வேலையாகக் கொடுத்து, டாக்டர் சொல்கிற கணக்கில் தொடருங்கள். அள்ளியதைப் பொதுக் கால்வாயில் தள்ளாதீர்கள், அது அடுத்த வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடுகிறது. பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் குட்டியின் மூலையை அவர்கள் வேலியில் இருந்து தள்ளி வையுங்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழுமுறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், என்பது அவர்களின் மார்க்க விதி. வாசலில் குட்டி மூத்திரம் போய்விட்டால் அவர்களுக்கு உண்மையான சிரமம், கொஞ்சம் முன்யோசனை இருந்தால் தவிர்க்கலாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை எல்லோரும் ஒத்துக்கொள்கிறவை. சில விஷயங்களில் பழக்குகிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறு. நியூஸ்பேப்பர் விரித்துப் பழக்குவது ஒன்று. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும், ஆனால் பேப்பரில் பழகிய குட்டியைப் பிறகு புல்லுக்கு மாற்ற இன்னொரு முறை உழைக்க வேண்டும், தாத்தா படித்துவிட்டுக் கீழே போட்ட பேப்பரும் அதற்குக் கழிப்பிடம்தான். உங்களுக்கு மண்ணும் இடமும் இருக்கிறது, பேப்பர் வேண்டாம் என்பது என் கருத்து. கூண்டும் அப்படித்தான்: நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்கிற அளவு கூண்டு ராத்திரிக்கும் சின்னச் சின்ன நேரத்துக்கும் நல்ல உதவி, காலையில் இருந்து மதியம் வரை இரண்டு மாதக் குட்டியை அதில் அடைத்தால் வேறு வழியில்லாமல் படுக்கையிலேயே போகும், அந்தச் சுத்த குணம் ஒருமுறை கெட்டுப்போனால் மீட்பது மிகக் கஷ்டம். ராத்திரி தண்ணீரை எடுத்து வைப்பதைப் பற்றியும் இருவிதமாகச் சொல்வார்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுப்பதில் ஆரோக்கியமான குட்டிக்குத் தீங்கு வராது என்பது என் அனுபவம், பகலில் நம் ஊர் வெயிலில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

எத்தனை நாள் என்றீர்கள். ஒரு வாரத்தில் பழக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வாரத்தில் நீங்கள் பழகுவீர்கள், நேரம் பிடிபடும், அதனால் தரையில் ஈரம் குறையும். குட்டியின் மூத்திரப்பை தசைகள் அடக்கிக்கொள்கிற பலத்துக்கு வர நாலு முதல் ஆறு மாத வயது ஆகும், சிலது ஒரு வயதுவரை எப்போதாவது தவறும், சின்ன ஜாதி நாய்களுக்கு இன்னும் தாமதம். தொடர்ந்து இரண்டு மாதம் வீட்டுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், அதுவரை அறை அறையாகத்தான் சுதந்திரம் கொடுக்க வேண்டும். நடுவில் திடீரென்று பின்னுக்குப் போகும், தீபாவளி வெடிச் சத்தத்தில், வீட்டில் விருந்தாளி கூட்டத்தில், வீடு மாறினால். பழைய ஒழுங்குக்கு இரண்டு வாரம் திரும்பிப் போனால் சரியாகிவிடும்.

பழக்கத்தோடு சம்பந்தமே இல்லாத சிலவும் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கணவர் வேலை முடிந்து வந்து குனிந்து தொடும்போது மட்டும் குட்டி மல்லாந்து சில சொட்டு விட்டால், அது பணிவு அல்லது குதூகலம், திட்டினால் கூடும். உள்ளே வந்ததும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அது அடங்கியபின் பக்கவாட்டில் உட்கார்ந்து தொடச் சொல்லுங்கள், வளர வளரத் தானாகப் போய்விடும். ஆனால் சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவது, முக்குவது, அடிப்பக்கத்தை விடாமல் நக்குவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் மூத்திரத் தொற்றாக இருக்கலாம், பெட்டைக் குட்டிகளுக்கு அது சகஜம். தூங்குகிறபோதும் படுக்கை நனைந்து, பின்பக்க முடி எப்போதும் ஈரமாகவே இருந்தால், சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருக்க வாய்ப்பு உண்டு, அதுவும் பெட்டைகளில்தான் அதிகம். இதையெல்லாம் எழுத்தில் படித்து யாராலும் சொல்ல முடியாது, பரிசோதனை வேண்டும்.

ஆகவே இந்த நோய் அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காமலும், அவை இல்லாமல் மேலே சொன்னபடி ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் துளியும் மாற்றம் இல்லை என்றாலும் கிளினிக்குக்குப் போங்கள், போகும்போது காலையில் முதலில் போகிற மூத்திரத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். வெந்நீரில் கழுவிக் காயவைத்த நீளக் காம்புக் கரண்டி ஒன்றைக் குட்டி குந்தியபின் பின்னாலிருந்து மெதுவாக நீட்டினால் போதும், முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியுள்ள சுத்தமான புட்டியில் ஊற்றி, உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். புட்டியின் மேல் எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள், அந்தக் கரண்டியை மட்டும் மாமி கண்ணில் படாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.